மூச்சை ஆள்வது யார்?

கிணற்றில் முங்கி அடிமண் எடுத்து வருவது எங்கள் ஊர்ப் பையன்களுக்குக் கோடை விடுமுறையின் பெரிய விளையாட்டு. தருமபுரிப் பக்கத்து வெட்டுக் கிணறுகளில் மூன்று ஆள் உயரத்துக்குத் தண்ணீர் கிடந்த காலம் அது. எனக்கு அப்போது 11 வயது. என் பெரியப்பா மகன் என்னைவிட 4 வயது மூத்தவர். அவர் ஒரு நாள் புதிய உத்தி ஒன்றைச் செய்து காட்டினார். படியில் நின்றுகொண்டு வேகவேகமாக முப்பது தடவை ஆழ்ந்து மூச்சு விட்டார். "இப்படிப் பண்ணினா உடம்பு பூரா காத்து ஏறிக்கும். ரொம்ப நேரம் உள்ளேயே இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் குதித்தார்.

உண்மையிலேயே ரொம்ப நேரம் உள்ளே இருந்தார். கையில் மண்ணோடு அவர் மேலேறி வருவது தெளிந்த தண்ணீரில் எங்களுக்குத் தெரிந்தது. மேற்பரப்புக்கு ஒரு முழம் இருக்கும்போது கை விரிந்தது, மண் கரைந்தது, உடல் துவண்டு மறுபடி கீழே போகத் தொடங்கியது. மோட்டார் அறையில் இருந்த சித்தப்பா குதித்துத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டார். கவிழ்த்துத் தட்டியதும் இருமிக்கொண்டு கண் விழித்தார் அண்ணன்.

"மூச்சு முட்டலையாண்ணா? முட்டினதும் மேலே வந்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

"முட்டவே இல்லடா. அதான் எனக்கே புரியலை" என்றார்.

நீரில் மூழ்குகிறவனுக்கு மூச்சு முட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மூச்சு முட்டாமலேயே ஒருவன் மூழ்கிப் போகக்கூடும் என்பதை அன்றுதான் கண்டேன். காரணம் விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

அந்த நிகழ்ச்சியை மீண்டும் நினைவூட்டியது வேறொரு காட்சி. 2015ஆம் ஆண்டு முதல் ஜூன் 21 அன்று உலக யோகா நாள் கொண்டாடப்படுகிறதல்லவா? சில ஆண்டுகளுக்கு முன் அந்நாளில் ஒரு கல்லூரித் திடலில் மாணவ மாணவியர் வரிசையாக உட்கார்ந்து, ஒலிபெருக்கியில் வந்த தாளத்துக்கு ஏற்ப வேகமூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தனர். மூன்றாம் நிமிடத்தில் ஒரு மாணவி, "விரலெல்லாம் மரத்துப் போகுது" என்றாள். அடுத்த கணம் சாய்ந்துவிட்டாள். தண்ணீர் தெளித்து நிழலில் படுக்க வைத்தோம். பத்து நிமிடத்தில் சரியாயிற்று. "பிராணவாயு அதிகமா ஏறினா அப்படித்தான் இருக்கும். சக்தி ஏறுது" என்று ஒருவர் விளக்கம் தந்தார். மறுநாள் வகுப்பில் ஒரு மாணவன், "சார், அது நிஜமா?" என்று கேட்டான். அன்றைக்கு நடத்த வேண்டிய பாடத்தை ஒத்தி வைத்துவிட்டு மூச்சைப் பற்றிப் பேசினேன். அதன் விரிவே இக்கட்டுரை.

கூடுதல் பிராணவாயு ஏறுமா?

நாம் இழுக்கும் காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு பிராணவாயு. கரியமில வாயு 0.04 விழுக்காடுதான். வெளிவிடும் காற்றில் பிராணவாயு சுமார் 16 விழுக்காடாகக் குறைந்து, கரியமில வாயு சுமார் 4 விழுக்காடாகக் கூடியிருக்கும். வெளியே தள்ளும் மூச்சிலும் பிராணவாயு நிறைய மிச்சம் இருப்பதைக் கவனியுங்கள். பற்றாக்குறை என்பது இங்கே இல்லை.

நுரையீரலிலிருந்து புறப்படும் இரத்தத்தில் ஹீமோகுளோபின் என்னும் செந்நிறப் பொருள் பிராணவாயுவைச் சுமந்து செல்கிறது. அதை ஒரு பேருந்தாக எண்ணிக்கொள்ளுங்கள். நூறு இருக்கைகள் உள்ள அந்தப் பேருந்து, நாம் ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 97 அல்லது 98 பயணிகளுடன்தான் கிளம்புகிறது. எவ்வளவு வேகமாக மூச்சு வாங்கினாலும் மேற்கொண்டு ஏறக்கூடியவர்கள் இரண்டு மூன்று பேர்தான். இரத்த நீரில் நேரடியாகக் கரையும் பிராணவாயு சிறிது கூடும். அது மிகச் சொற்பம். ஆகவே, உடல்நலமுள்ள ஒருவர் மூச்சுப் பயிற்சியால் உடம்பு முழுவதும் பிராணவாயுவை நிரப்பிக்கொள்கிறார் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை.

இதை முதலில் சொன்னவர்கள் யோகத்தைப் பழிப்பவர்கள் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது. புனேக்கும் மும்பைக்கும் இடையில் உள்ள லோனாவ்லாவில் 1924ஆம் ஆண்டு ஸ்வாமி குவலயானந்தர் கைவல்யதாமா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். யோகப் பயிற்சிகளை ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதே ஆண்டில் 'யோக மீமாம்ஸா' என்ற இதழையும் தொடங்கி, அழுத்தமானிகளையும் எக்ஸ்ரே படங்களையும் கொண்டு கண்டறிந்தவற்றை அதில் வெளியிட்டார். பிராணாயாமத்தின்போது உட்கொள்ளப்படும் பிராணவாயுவையும் வெளிப்படும் கரியமில வாயுவையும் அளந்தார். பிராணாயாமத்தின் சிறப்பு கூடுதல் பிராணவாயுவில் இல்லை என்ற முடிவுக்கே அவர் வந்தார். ஏறக்குறைய நூறாண்டு ஆகியும் அந்தச் செய்தி நம் திடல்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை!

உண்மையான எசமானன்

அப்படியானால், மூச்சை இழு என்று உடம்புக்குக் கட்டளையிடுவது எது? பிராணவாயு குறைவதுதான் என்றே நம்மில் பலர் எண்ணுவோம். 1905ஆம் ஆண்டில் ஜான் ஸ்காட் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து வெளியிட்டனர். ஹால்டேன் ஒரு விசித்திரமான மனிதர். காற்றுப் புகாத அறைகளுக்குள் தாமே புகுந்து உட்கார்ந்து, தம் உடம்பையே சோதனைக் குழாயாக ஆக்கிக்கொண்டவர். அவர்கள் கண்டது இதுதான்: சாதாரண நிலையில் மூச்சின் அளவைத் தீர்மானிப்பது கரியமில வாயுவே.

நுரையீரலின் நுண்ணறைகளில் கரியமில வாயுவின் பகுதி அழுத்தம் இயல்பாக 40 மி.மீ. பாதரசம் அளவில் இருக்கும். இது 2 மி.மீ. உயர்ந்தாலே மூச்சின் அளவு ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். அவ்வளவு கண்டிப்பான காவல்! பிராணவாயுவின் பகுதி அழுத்தமோ இயல்பான 100 மி.மீ.இலிருந்து 60 மி.மீ. வரை இறங்கினால்தான் மூச்சு குறிப்பிடத்தக்க அளவில் வேகம் கொள்ளும். அதைக் கண்காணிக்கும் உணர்விகள் கழுத்துத் தமனியின் கிளையில் இருப்பதைக் கண்டறிந்த பெல்ஜிய அறிஞர் ஹேமன்ஸ் 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். இருந்தாலும் அன்றாட வாழ்க்கையில் எசமானன் கரியமில வாயுதான். அது இரத்தத்தில் கரைந்து அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. அதை உணர்ந்து மூளையின் அடியில் உள்ள முகுளம் மூச்சை முடுக்கி விடுகிறது.

இப்போது கிணற்றுக்குத் திரும்புவோம். முப்பது தடவை வேகமாக மூச்சு விட்டபோது அண்ணனின் இரத்தத்தில் பிராணவாயு ஏறவில்லை. பேருந்து முன்பே நிறைந்திருந்தது. ஆனால் கரியமில வாயு துடைத்து எடுத்தாற்போல் வெளியேறிவிட்டது. 40 மி.மீ. இருக்க வேண்டியது 20 மி.மீ. ஆகியிருக்கலாம். தாங்க முடியாத மூச்சுமுட்டல் ஏறத்தாழ 50 மி.மீ. அளவில்தான் வரும். வழக்கமாக 40இலிருந்து 50க்கு ஏற வேண்டியது, இப்போது 20இலிருந்து ஏற வேண்டும். அபாய மணி தாமதமாகிவிட்டது. அதற்குள் பிராணவாயு சத்தமில்லாமல் தீர்ந்துகொண்டே வந்தது.

அவர் அடியில் மயங்காமல் மேலே வரும்போது மயங்கியது ஏன்? இங்கேதான் நம் இயற்பியல் வருகிறது. 10 மீட்டர் நீர் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். 5 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் ஒன்றரை வளிமண்டலம். நெஞ்சுக்கூடு அமுங்கி, உள்ளிருக்கும் வாயுக்களின் பகுதி அழுத்தமும் தோராயமாக ஒன்றரை மடங்காகிவிடும். அடியில் பிராணவாயு 45 மி.மீ. இருந்ததாகக் கொள்வோம்; நினைவு தப்பாமலிருக்க அது போதும். மேலே வந்ததும் அதுவே 30 மி.மீ. ஆகிவிடுகிறது, அது போதாது. கரையை எட்டும் நேரத்தில் விளக்கு அணைகிறது. அமெரிக்காவில் கிரெய்க் என்ற ஆய்வாளர் 1961ஆம் ஆண்டிலேயே, நீச்சல் நன்கு தெரிந்தவர்கள் இவ்வாறு நினைவிழப்பதன் காரணத்தை ஆராய்ந்து எழுதினார். நீச்சல் தெரியாதவனுக்கு இந்த ஆபத்து இல்லை, அவன் முங்கமாட்டான்.

ஆகவே கிணற்றிலோ குளத்திலோ முங்கும் பையன்கள் யாரேனும் இதைப் படித்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். முங்குவதற்கு முன் வேகமூச்சு வேண்டாம். ஒரு தடவை இழுத்தால் போதும். மூச்சு முட்டுவது தொல்லை அன்று; அதுதான் உங்கள் காவல்காரன்.

திடலில் சாய்ந்த மாணவி

அந்த மாணவிக்கு நேர்ந்ததும் இதே கணக்குதான். கரியமில வாயு குறைந்தால் மூளைக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்கும். 40 மி.மீ. 20 ஆனால் மூளையின் இரத்த ஓட்டம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். இரத்தத்தின் அமிலத்தன்மை குறைவதால் சுண்ணாம்புச் சத்து அயனிகளின் அளவு மாறி, நரம்புகள் கூச்சம் கொள்ளும். விரலும் உதடும் மரத்துப் போகும். பிராணவாயு மிகுந்ததால் வந்த மயக்கம் அன்று அது. இரத்தம் நிறையப் பிராணவாயு இருந்தும், மூளைக்குப் போகும் வழி குறுகியதால் வந்த மயக்கம்.

"அப்ப கபாலபாதி செய்யறவங்க எல்லாம் ஏன் சார் மயங்கி விழலை?" என்று கேட்டான் அதே மாணவன். நல்ல கேள்வி. ஒரு கணக்குப் போட்டால் விடை வரும்.

சாதாரண மூச்சு ஒன்றில் சுமார் 500 மி.லி. காற்று உள்ளே வருகிறது. இதில் 150 மி.லி. மூக்கிலும் மூச்சுக்குழலிலும் தங்கிப் பயன்படாமலேயே திரும்பிவிடும். மீதி 350 மி.லி.தான் நுண்ணறையை எட்டும். நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால், பயன்படும் காற்று 5250 மி.லி. கபாலபாதியை முறையாகக் கற்றவர் வயிற்றை மட்டும் வெடுக்கென்று உள்ளிழுத்துச் சிறு சிறு வீச்சுகளாகக் காற்றைத் தள்ளுவார். வீச்சுக்கு 200 மி.லி. என்று வைத்துக்கொண்டால், பயன்படுவது 50 மி.லி.தான். நிமிடத்துக்கு 60 வீச்சு வீசினாலும் 3000 மி.லி.யைத் தாண்டாது. வீச்சு சற்றுப் பெரிதானாலும் வழக்கமான அளவுக்கு அருகிலேயே நிற்கும். கல்லாதவரோ நெஞ்சு முழுவதையும் விரித்துச் சுருக்குவார். 500 மி.லி. வீதம் 60 தடவை என்றால், பயன்படும் காற்று 21,000 மி.லி.! தேவையைப் போல நான்கு மடங்கு. கரியமில வாயு மடமடவென்று வெளியேறுகிறது. பழைய முறையில் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றைத் தொட்டுச் சொல்லிக் கொடுத்ததன் அவசியம் இதிலிருந்தே புலனாகும். முந்நூறு பேருக்கு ஓர் ஒலிபெருக்கி அந்த வேலையைச் செய்யாது.

மெதுவான மூச்சின் இரகசியம்

மூச்சுப் பயிற்சியே வீண் என்று வாசகர்கள் முடிவுகட்டிவிட வேண்டாம். எனக்கு வியப்பளிப்பது இனிமேல்தான் வருகிறது. வேகமூச்சை விட்டுவிட்டு, மெதுவான மூச்சை எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு சோதனை. நிமிர்ந்து உட்கார்ந்து, மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு, 5 நொடி மெல்ல இழுத்து 5 நொடி மெல்ல விடுங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரைவதையும் விடும்போது தணிவதையும் உணர்வீர்கள். இளைஞர்களுக்கு இது தெளிவாகத் தெரியும், வயதானவர்களுக்கு மங்கியிருக்கும். ஜெர்மானிய அறிஞர் கார்ல் லூட்விக் 1847ஆம் ஆண்டில், தாம் அமைத்த பதிவுக் கருவியைக் கொண்டு இதைக் கண்டார். மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழிறங்கி, நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து, சிரைகளிலிருந்து இதயத்துக்கு இரத்தம் மிகுதியாகப் பாய்கிறது. அதே வேளையில் இதயத்தை அடக்கி வைக்கும் வேகஸ் நரம்பின் பிடியும் தளர்கிறது. மூச்சை விடும்போது பிடி மீண்டும் இறுகுகிறது.

இரண்டாவது செய்தி. இரத்த அழுத்தத்தைச் சீராக வைக்க உடம்பில் ஓர் ஏற்பாடு உண்டு. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள உணர்விகள் அழுத்தம் கூடினால் மூளைக்குத் தெரிவிக்கும், மூளை இரத்தக் குழாய்களைத் தளர்த்தும், குறைந்தால் இறுக்கும். ஆனால் குழாய்கள் உடனே கீழ்ப்படிவதில்லை. சில நொடிகள் தாமதமாகும். வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் குழாயில் குளித்தவர்களுக்கு இது புரியும். தண்ணீர் சில்லென்று இருக்கிறதென்று வெந்நீரைத் திருகுவீர்கள், அது வந்து சேர நேரமாகும், இன்னும் திருகுவீர்கள், பிறகு தலையில் கொதிநீர் கொட்டும். தாமதத்துடன் திருத்தும் எந்த ஏற்பாடும் இப்படி ஏறி இறங்கி அலையும். இரத்த அழுத்தமும் அவ்வாறே, சுமார் 10 நொடிக்கு ஒரு தடவை மெல்ல ஏறி இறங்குகிறது. 1876ஆம் ஆண்டில் இதை விவரித்த சிக்மண்ட் மேயரின் பெயரால் இவை மேயர் அலைகள் எனப்படுகின்றன.

ஊஞ்சலை ஆட்டிப் பழகியவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. ஊஞ்சலுக்கு ஓர் இயல்பான வீச்சு நேரம் உண்டு. கண்டபடி தள்ளினால் அது தடுமாறும்; அதன் நேரத்தோடு ஒத்து விரலால் தள்ளினாலும் உயர எழும். ஒத்ததிர்வு என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். நிமிடத்துக்கு 15 மூச்சு விடும்போது ஒரு மூச்சு 4 நொடி. அது அந்த 10 நொடி அலையோடு சேராது. மூச்சை நிமிடத்துக்கு 6 ஆகக் குறைத்தால் ஒரு மூச்சு 10 நொடி. இரண்டும் இணைந்துவிடுகின்றன. நாடியின் ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாகிறது. இரத்த அழுத்தத்தைக் காக்கும் உணர்விகளின் கூர்மை கூடுகிறது. இதயம் ஓய்வின் பக்கம் சாய்கிறது.

2001ஆம் ஆண்டில் இத்தாலியைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு சுவையான ஆய்வை வெளியிட்டனர். உடல்நலமுள்ள 23 பேரை, ஒரு முறை செபமாலையின் மரியன்னை மன்றாட்டை இலத்தீன் மொழியிலும், மறுமுறை திபெத்திய பௌத்தர்களின் 'ஓம் மணி பத்மே ஹூம்' மந்திரத்தையும் சொல்லச் செய்தனர். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு 6 என்ற அளவுக்கே வந்து நின்றது! செபமாலையில் ஒரு பாதியைக் குரு சொல்ல, மறுபாதியை மக்கள் சொல்கிறார்கள்; ஒரு சுற்றுக்குச் சுமார் 10 நொடி. இரண்டு கண்டங்களில் இரண்டு சமயத்தார், கடிகாரமும் கருவியும் இல்லாமல், ஒரே எண்ணில் போய் நின்றிருக்கிறார்கள். மனித உடம்பின் தாளம் ஒன்றுதானே! நம் ஊரில் மாலை நேரத்தில் ஒருவர் முன்னே சொல்லப் பலர் பின்னே சொல்லும் வழிபாடுகளைக் கேட்கும்போதெல்லாம் நான் இப்போது கைக்கடிகாரத்தைப் பார்க்கிறேன். என் மனைவிக்கு இது பிடிப்பதில்லை.

மெதுவான மூச்சில் இன்னொரு சிக்கனமும் உண்டு. நுண்ணறைகளுக்கு வேண்டிய அதே 5250 மி.லி.யை 6 மூச்சில் பெற, ஒவ்வொன்றிலும் 875 மி.லி.யும் வீணாகும் 150 மி.லி.யும் சேர்த்து 1025 மி.லி. இழுத்தால் போதும். நிமிடத்துக்கு மொத்தம் 6150 மி.லி. பதினைந்து மூச்சிலோ 7500 மி.லி. காற்றைப் புழங்க வேண்டியிருந்தது. கரியமில வாயுவும் தன் 40 மி.மீ. அளவிலேயே நிற்கும், விரல் மரக்காது, தலை சுற்றாது. ஆனால் மெதுவாக விடுகிறேன் என்று ஒவ்வொரு மூச்சையும் நெஞ்சு புடைக்க இழுப்பவர்கள் இந்த நன்மையை இழந்துவிடுவார்கள்.

இதயமும் செரிமானமும் நம் சொல் கேட்பதில்லை. கை கால்கள் சொன்னால்தான் கேட்கும். மூச்சு மட்டும் தானாகவும் நடக்கிறது, சொன்னாலும் கேட்கிறது. அதன் வழியாக இதயத்தின் தாளத்தைத் தொட முடிகிறது என்பதே இதன் பயன். தேர்வுக்கு முன் கை நடுங்கும் மாணவனுக்கு ஐந்து நிமிடம் இது உதவும். நாள்தோறும் செய்பவர்களுக்கு இரத்த அழுத்தம் சில மி.மீ. குறைவதையும் ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். சில மி.மீ. என்பதைக் கவனியுங்கள். 170 இருப்பவருக்கு அது மருந்தாகாது. மாத்திரையை நிறுத்திவிட்டு மூச்சை நம்புவது, அபாய மணியை அணைத்துவிட்டுக் கிணற்றில் குதிப்பதைப் போன்றது. மாத்திரையோடு சேர்த்துச் செய்யலாம். அளவை மாற்றுவது மருத்துவர் வேலை.

செய்து பார்க்க விரும்புவோருக்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு மீட்டர் நீள நூலில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு மெல்ல ஆட்டி விடுங்கள். ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போக அதற்கு ஒரு நொடி ஆகும். ஐந்து ஆட்டத்துக்கு இழுத்து, ஐந்து ஆட்டத்துக்கு விடுங்கள். மூச்சை உள்ளே அடக்கி வைக்க வேண்டாம். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். நண்பர் ஒருவர் உங்கள் நாடியைத் தொட்டுக்கொண்டு, இழுக்கும் ஐந்து நொடியில் எத்தனை துடிப்பு, விடும் ஐந்து நொடியில் எத்தனை துடிப்பு என்று ஒரு தாளில் குறிக்கட்டும். பத்து சுற்று எடுத்துச் சராசரி பாருங்கள். பிறகு மூச்சை இயல்பாக விட்டுவிட்டு இதையே திரும்பவும் குறியுங்கள். எங்கள் வகுப்பில் அன்று முதல் ஆளாக நாடியைக் கொடுத்தவள், திடலில் மயங்கி விழுந்த அந்த மாணவிதான்.